கேர்ஃபில்லி கோட்டைக்குப் போனால் முதலில் கரையைப் பாருங்கள்

உங்கள் கேள்வியைச் சுருக்கினால் இப்படி வருகிறது: வேல்ஸிலுள்ள கார்டிஃபுக்குக் குடும்பத்தோடு வருகிறீர்கள், கையில் ஒரு நாள் இருக்கிறது, அகழியோடு இருக்கும் இடிந்த கோட்டை ஒன்றைப் பார்க்க ஆசை, பக்கத்திலுள்ள கேர்ஃபில்லி போகலாமா, அங்கே சாய்ந்து நிற்கும் கோபுரத்தைக் குரோம்வெல் ஆட்கள் வெடிவைத்துச் சாய்த்தது உண்மையா, அம்மாவுக்கு முழங்கால் வலி, பையனுக்கு எட்டு வயது. ஆனால் நடுவில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள், "பாதிக்கு மேல் பிற்காலத்தில் கட்டினது என்கிறார்களே, பழையது என்று எதை நம்பிப் பார்ப்பது?" என்று. உண்மையில் நீங்கள் கேட்பது அதைத்தான் என்று எனக்குப் படுகிறது. அதற்குப் பதில் சொன்னால் மற்றதெல்லாம் அதற்குள் வந்துவிடும்.

தாராளமாகப் போகலாம். நான் சிவில் எஞ்சினியர். பதினான்கு வருடமாகத் தெற்கு வேல்ஸில் பழைய அணைக்கரைகள், தாங்குசுவர்கள், சுண்ணாம்புக் காரை வைத்துக் கட்டிய கல் வேலைகள் இவற்றையெல்லாம் நேரில் போய்ப் பார்த்து, எந்த நிலையில் இருக்கின்றன என்று எழுதிக் கொடுப்பதுதான் என் வேலை. வரலாறு முறையாகப் படித்தவன் இல்லை. ஆகவே தண்ணீர், கல், சரிவு பற்றிச் சொல்வதை என் தொழில் அனுபவமாக எடுத்துக்கொள்ளுங்கள்; மன்னர்கள், வருடங்கள் பற்றிச் சொல்வது ஆய்வாளர்கள் பொதுவாக ஒத்துக்கொண்டது. அவர்களுக்குள் உறுதி இல்லாத இடம் வந்தால் அங்கங்கே சொல்லிவிடுகிறேன்.

முதலில் 'அகழி' என்ற சொல்லைக் கொஞ்சம் ஒதுக்கி வையுங்கள். அகழ்ந்தது அகழி, அதாவது தோண்டினது. கேர்ஃபில்லியில் படங்களில் நீங்கள் பார்த்த அந்தப் பெரிய நீர்ப்பரப்பு பெரும்பாலும் தோண்டி உண்டாக்கியது கிடையாது. அந்தப் பள்ளத்தாக்கில் இயற்கையாகவே ஒரு சரளை மேடு இருந்தது, பக்கத்தில் கிளெடிர் என்னும் ஒரு சிற்றோடை ஓடியது. ஓடையின் குறுக்கே கரை போட்டுத் தண்ணீரைத் தேக்கி, சுற்றியுள்ள தாழ்நிலத்தை மூழ்கடித்து, மேட்டைத் தீவாக்கிவிட்டார்கள். நம் மொழியில் இதற்குச் சரியான சொல் ஏரி. கரை, மதகு, நீர்மட்டத்தைக் கூட்டவும் குறைக்கவும் ஏற்பாடு, கரையோரம் நீரால் ஓடிய ஒரு மாவு ஆலை, எல்லாம் அங்கே இருந்தன. நீங்கள் டிக்கெட் வாங்கி உள்ளே நுழைகிற அந்த நீண்ட கிழக்குச் சுவர்தான் கரை. பலர் அதை வெறும் மதில் என்று நினைத்துக் கடந்துபோய்விடுகிறார்கள். நானே முதல் தடவை நண்பர்களை அழைத்துப் போனபோது நேரே உள்வாசலுக்குக் கூட்டிக்கொண்டு போனேன், அரை மணி நேரத்தில் எல்லோருக்கும் அலுத்துவிட்டது. அடுத்த தடவை கரைமேலிருந்து தொடங்கினோம், மூன்று மணி நேரம் ஆகியும் யாரும் கிளம்பச் சொல்லவில்லை.

ஏன் இப்படிக் கட்டினார்கள் என்பது சுவாரசியமான கதை, உறுதியான கதையும்கூட. கட்டியவர் கில்பர்ட் டி கிளேர், குளோஸ்டர் பிரபு, தலைமுடி நிறத்தால் 'சிவப்பு கில்பர்ட்' என்று பெயர் வாங்கியவர். வேலை தொடங்கியது 1268 ஏப்ரலில். அதற்கு முந்தின வருடம்தான் மான்ட்கோமரி உடன்படிக்கையில் லெவெலின் ஆப் கிரிஃபித்தை வேல்ஸின் இளவரசர் என்று ஆங்கிலேய மன்னரே ஏற்றுக்கொண்டிருந்தார். வடக்கிலிருந்து அவர் கை தெற்கே நீண்டுகொண்டே வந்தது, கில்பர்ட்டின் கிளமோர்கன் நிலம் வழியில் இருந்தது. இன்னொன்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 1266-ல் இங்கிலாந்தில் கெனில்வொர்த் கோட்டையை மன்னர் மூன்றாம் ஹென்றியின் படை ஆறு மாதம் முற்றுகையிட்டது. அந்தக் கோட்டையை ஒட்டி அணை போட்டுத் தேக்கிய பெரிய நீர்நிலை. எத்தனையோ முயன்றும் தாக்கிப் பிடிக்க முடியவில்லை, கடைசியில் பசியும் நோயும்தான் உள்ளே இருந்தவர்களைப் பணியவைத்தன. கில்பர்ட் அந்த முற்றுகையில் இருந்தவர். இரண்டே வருடத்தில் அவர் வேல்ஸில் போட்ட கரையைப் பார்த்தால், அங்கே கற்றதுதான் இங்கே வந்திருக்கிறது என்று ஆய்வாளர்கள் சொல்வது பொருத்தமாகவே இருக்கிறது.

தண்ணீர் என்ன செய்யும் என்றால், அந்தக் காலத்தில் கோட்டையைப் பிடிக்க இருந்த வழிகளில் பலவற்றை ஒரேயடியாக அடைத்துவிடும். ஏணி வைக்க முடியாது. கல்லெறியும் பொறிகளைப் பக்கத்தில் கொண்டுவர முடியாது, தூரத்திலிருந்து எறிந்தால் வேகம் போதாது. முக்கியமாக, சுவருக்கு அடியில் சுரங்கம் தோண்டி, மரக்கட்டைகளை முட்டுக் கொடுத்து, பிறகு கட்டைகளை எரித்துச் சுவரை உட்காரவைக்கும் வித்தை இங்கே பலிக்காது, தோண்டினால் சுரங்கத்துக்குள் தண்ணீர்தான் வரும். ஆனால் இதில் ஒரு பலவீனம் இருக்கிறது, எஞ்சினியர் கண்ணுக்கு அதுதான் முதலில் படும்: எதிரி கோட்டையைத் தொட வேண்டாம், கரையை உடைத்தால் போதும். ஏரி வடிந்துவிடும், தீவு மறுபடி வெறும் மேடாகிவிடும். அதனால்தான் கரையையே ஒரு கோட்டை போலக் கட்டினார்கள். அந்தக் கிழக்குக் கரையின் தென்பகுதி, அதாவது தெற்குக் கரை, 152 மீட்டர் நீளம். அதன் ஊர்ப்பக்க முகத்தில் பெரிய பெரிய முட்டுச்சுவர்கள் துருத்திக்கொண்டு நிற்கும். அழகுக்காக வைத்ததாக நினைத்துவிடாதீர்கள். பின்னால் ஏரி வெளிப்பக்கம் தள்ளுகிறது, நீரின் ஆழம் இரு மடங்கானால் அது தள்ளும் மொத்த விசை நான்கு மடங்காகும், அதை முன்னாலிருந்து தாங்கிப் பிடிக்கத்தான் அவை. கரையின் தெற்குக் கோடியில் ஃபெல்டன் கோபுரம் என்று சதுரமாக ஒன்று நிற்கிறது, அது காத்தது மதகுகளை. ராஜாவையோ கஜானாவையோ காக்காமல் மதகுக்கென்றே ஒரு கோபுரம் கட்டியிருக்கிறார்கள் பாருங்கள். எனக்கு அந்தக் கோட்டையில் மிகப் பிடித்த இடம் அதுதான். வடக்குக் கரை கொஞ்சம் பிந்தி வந்தது, அதற்கும் மூன்று கோபுரங்கள்.

கரையைத் தாண்டிப் போனால் நடுத்தீவு. அங்கே சுவருக்குள் சுவராக இரண்டு வளையம், வெளிச்சுவர் தாழ்வு, உள்சுவர் உயரம், உள்ளிருப்பவன் வெளியே இருப்பவன் தலைக்கு மேலாக அம்பு விடலாம். பிரிட்டனில் இந்த அமைப்பை இவ்வளவு முழுமையாக முதலில் காட்டியது இங்கேதான் என்று பொதுவாகச் சொல்கிறார்கள். முதலாம் எட்வர்டு வடக்கு வேல்ஸில் ஹார்லெக், பியூமாரிஸ் கட்டியதெல்லாம் இதற்குப் பிறகு. மொத்த வளாகம் சுமார் 30 ஏக்கர், வேல்ஸில் இதுதான் பெரிய கோட்டை, பிரிட்டனில் வின்ட்சருக்கு அடுத்தது. மேற்கே இன்னொரு சிறு தீவு இருக்கிறது, வெல்ஷ் மொழியில் அதன் பெயருக்கு 'மக்கள் கோட்டை' என்று அர்த்தம், சண்டை வந்தால் ஊர்மக்கள் ஒதுங்க வைத்திருந்த இடமாக இருக்கலாம் என்பது ஊகம்.

அங்கே நடந்ததில் மூன்றைத் தெரிந்துகொண்டு போங்கள், கல்லுக்கு முகம் வரும். ஒன்று, 1270 அக்டோபரில் லெவெலின் வந்து கட்டிக்கொண்டிருந்ததை எரித்துவிட்டார். மறுவருடம் கில்பர்ட் திரும்பத் தொடங்கினார், மோதல் முற்றவே மன்னர் இரண்டு பிஷப்புகளை அனுப்பி, தீர்வு வரும்வரை இடம் உங்கள் பொறுப்பில் இருக்கட்டும் என்றார். லெவெலின் அதை நம்பிப் படையை விலக்கினார். 1272 பிப்ரவரியில் கில்பர்ட்டின் ஆட்கள் பிஷப்புகளின் காவலர்களை வெளியேற்றிவிட்டுக் கோட்டையைப் பிடித்துக்கொண்டார்கள், கில்பர்ட்டோ தனக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, ஆனால் இனி விட்டுக்கொடுக்கவும் முடியாது என்றார். இரண்டாவது, லெவெலின் ப்ரென். இவர் வேறு ஆள், இந்த மலைப்பகுதியின் வெல்ஷ் தலைவர். கில்பர்ட்டின் மகன் 1314-ல் பேனக்பர்ன் போரில் இறந்தபின் இங்கே வந்த நிர்வாகம் கொடுமையாக இருந்தது, பஞ்சமும் சேர்ந்துகொண்டது. 1316 ஜனவரியில் ப்ரென் எழுந்தார். ஊர் எரிந்தது, கோட்டை விழவில்லை. கடைசியில் தன் ஆட்களைக் காப்பாற்றத் தானே சரணடைந்தார். லண்டன் டவரில் வைத்திருந்தவரை 1318-ல், அப்போது இந்தக் கோட்டைக்கு உரிமையாளராகியிருந்த ஹியூ டெஸ்பென்சர் கார்டிஃபுக்குக் கொண்டுவந்து கொடூரமாகக் கொன்றார். நீங்கள் தங்கப்போகும் அதே கார்டிஃப். வேல்ஸ்காரர்கள் சிலர் இந்தக் கோட்டையைப் பெருமையாகப் பேசாமல் அமைதியாகிவிடுவதற்கு இதெல்லாம் காரணம். இது அவர்களை அடக்கக் கட்டியது. மூன்றாவது, 1326-ல் இங்கிலாந்து மன்னர் இரண்டாம் எட்வர்டு தன் மனைவி இசபெல்லாவின் படைக்குப் பயந்து ஓடி வந்தது அந்த டெஸ்பென்சரின் இந்தக் கோட்டைக்குத்தான். வெகுநாள் தங்காமல் இங்கிருந்தும் ஓடிப் பிடிபட்டார். அவர் போன பிறகும் கோட்டை 1327 மார்ச் வரை பணியவில்லை. பணிந்ததும் பேச்சுவார்த்தையில்தான், உள்ளே இருந்த டெஸ்பென்சரின் மகனை மன்னிக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு. உள்ளே மன்னர் விட்டுப்போன பணம் 14,000 பவுண்டு இருந்தது, அந்தக் காலத்தில் அது மலைக்கவைக்கும் தொகை.

சரி, எது பழையது, எது புதியது? பெருமண்டபத்தின் சுவர்கள் பழையவை, டெஸ்பென்சர் 1320-களில் செலவழித்துச் சீரமைத்தவை. மேலே தெரியும் மரக்கூரை 19-ம் நூற்றாண்டில், அப்போது கோட்டையின் உரிமையாளராக இருந்த மூன்றாம் ப்யூட் பிரபு காலத்தில் போட்டது. உள்வாசலின் கிழக்குக் கோபுரவாசல் பெரும்பகுதி, இன்னும் சில கோபுரங்கள், இவை 1928-லிருந்து 1939 வரை நான்காம் ப்யூட் பிரபு எழுப்பியவை. புதிது என்று இவற்றைத் தள்ளிவிடாதீர்கள். மிஞ்சிய கல்லைப் பார்த்து, அச்சு எடுத்து, காணாமல்போன துண்டுகளை அதே வடிவில் செதுக்கி வைத்த வேலை, பொறுமையான வேலை. சுவர்களில் கல்லின் நிறமும் காரையின் நிறமும் மாறும் இடங்களைத் தேடிப் பாருங்கள், கண் பழகியதும் நீங்களே பிரித்துவிடுவீர்கள். கோட்டையை ஒட்டி முளைத்திருந்த வீடுகளை வாங்கி இடித்து இடத்தைத் திறந்துவிட்டதும் அவர்தான். 1950-ல் கோட்டை அரசின் பொறுப்புக்கு வந்தது, அந்தப் பத்தாண்டில்தான் ஏரிகளில் மறுபடி நீர் நிரப்பினார்கள். ஆக இன்று நீங்கள் பார்க்கப்போகும் தண்ணீர் எழுபது வயது கூட ஆகாதது என்று ஒருவர் சொன்னால் அது கிட்டத்தட்ட சரி. ஆனால் அது நிற்கும் பள்ளமும், அதைப் பிடித்து நிற்கும் கரையும் 13-ம் நூற்றாண்டுடையவை, அங்கங்கே பழுது பார்த்திருக்கிறார்கள், அவ்வளவுதான். எழுநூறு வருடத்துக்கு முன் போட்ட கரை இன்னும் அதே வேலையைச் செய்துகொண்டிருக்கிறது. நீங்கள் நம்பிப் பார்க்க வேண்டிய பழையது எது என்றால் என் பதில் அதுதான்.

இனி அந்தச் சாய்ந்த கோபுரம். தென்கிழக்கு மூலையில் நிற்கிறது, உயரம் சுமார் 20 மீட்டர், சாய்வு சுமார் 10 டிகிரி, உச்சி ஏறத்தாழ 3 மீட்டர் வெளியே தள்ளி நிற்கிறது. பைசா கோபுரம் இன்று ஏறக்குறைய 4 டிகிரிதான். இதை 17-ம் நூற்றாண்டு உள்நாட்டுப் போரில் மன்னரை எதிர்த்த பாராளுமன்றப் படை, அதாவது நீங்கள் சொன்ன குரோம்வெல் தரப்பு, வெடிமருந்து வைத்துத் தகர்த்தது என்று ஊரில் எல்லோரும் சொல்வார்கள். வடமேற்கே, பழைய ரோமானியக் காவல்கோட்டை இருந்த இடத்தில், அந்தப் போர்க்காலத்தது என்று கருதப்படும் மண்மேடு ஒன்றும் இருக்கிறது, ஆகவே கதை முளைக்க இடமுண்டு. ஆனால் கேர்ஃபில்லியை இடிக்கச் சொல்லிப் போட்ட உத்தரவு எதுவும் கிடைக்கவில்லை. ஒப்பிட்டுப் பார்க்க ரேக்லன் கோட்டை இருக்கிறது, அதுவும் வேல்ஸ்தான், அங்கே அறுகோணப் பெரிய கோபுரம் மட்டும் தனி அகழிக்குள் நிற்கும். 1646-ல் அது சரணடைந்த பிறகு என்ன செய்தார்கள் என்பது எழுத்திலேயே இருக்கிறது: உச்சியைக் கடப்பாரையால் குத்திப் பார்த்துச் சலித்து, அடியைக் குடைந்து, மரம் முட்டுக் கொடுத்து, ஆறு பக்கத்தில் இரண்டை அறுத்துவிட்டு மரத்தைக் கொளுத்தினார்கள், கோபுரம் ஒரே கட்டியாகச் சரிந்தது. அப்படி ஒரு வரியும் கேர்ஃபில்லிக்கு இல்லை. அதோடு 1530-களில் இங்கே வந்த ஜான் லேலண்ட் என்ற பயணியே சதுப்புக்கு நடுவில் வியப்பூட்டும் தடிமனுள்ள சுவர்கள் பாழாய்க் கிடப்பதை எழுதிவைத்திருக்கிறார், போருக்கு நூறு வருடம் முன்பு. 1583-ல் குத்தகைக்கு எடுத்த தாமஸ் லூயிஸ் என்பவர் தன் வீட்டைப் பெரிதாக்க இங்கிருந்து கல்லைப் பெயர்த்துப் போனார், அந்தச் சேதம் கொஞ்சமல்ல.

ஆய்வாளர்கள் அதிகம் சாயும் பக்கம் வேறு: ஏரிகளைப் பராமரிக்காமல் விட்டுத் தண்ணீர் வடிந்தபின் அடிமண் இறங்கி, கோபுரங்கள் அதனால் விழுந்திருக்கலாம் என்கிறார்கள். என் தொழிலில் பார்த்ததை வைத்து எனக்கும் இதுதான் நம்பும்படி இருக்கிறது. பல காலம் நீரில் ஊறிய கரையோர மண், பக்கத்தில் தாங்கிக்கொண்டிருந்த நீர் போனதும், மேலே இருக்கும் பாரத்தோடு பள்ளத்தை நோக்கி நகரப் பார்க்கும். கோபுரமும் நீர்ப்பக்கம்தான் சாய்ந்திருக்கிறது. வெடி என்றால் அடிப்பகுதி சிதறியிருக்க வேண்டும், இது பெரிய துண்டாக, காரை விடாமல் சேர்ந்தே சாய்ந்திருக்கிறது. ஆனாலும் ரேக்லனில் செய்ததுபோல ஒரு பக்கம் மட்டும் குடைந்திருந்தாலும் இப்படிச் சாய வழியுண்டு, அடித்தளத்தைத் தோண்டாமல் வெளியே நின்று பார்த்து ஒருவர் அடித்துச் சொல்லக் கூடாது. இது இன்னும் விழாமல் நிற்பது அதிசயமா என்று பலர் கேட்பார்கள். எடையின் நடுக்கோடு அடித்தளத்துக்குள் விழும்வரை நிற்கும், நல்ல சுண்ணாம்புக் காரை கல்லைப் பிடித்திருக்கிறது. பையன் கேட்டால் ஒரு பென்சில் பெட்டியைச் சாய்த்துக் காட்டுங்கள், புரிந்துவிடும்.

உள்ளே சுழல் படிகளில் ஏறும்போது யாராவது, வலக்கைக்காரன் மேலிருந்து வாள் வீச வசதியாகத்தான் இப்படிச் சுழற்றினார்கள் என்று சொல்வார்கள். கேட்க நன்றாக இருக்கும், ஆனால் ஆய்வாளர்கள் பலர் இதை ஏற்பதில்லை, எதிர்த்திசையில் சுழலும் படிகளும் பல கோட்டைகளில் இருக்கின்றன.

அம்மாவைப் பற்றி: தயங்காமல் அழைத்து வாருங்கள். கோட்டையின் சாரமே தரைமட்டத்தில் இருக்கிறது என்பதால் படி ஏறாமலே முக்கால்வாசி பார்த்துவிடலாம், கரை, பாலம், உள்முற்றம், பெருமண்டபம் எல்லாம். புல்தரையும் கற்களும் மழையில் வழுக்கும், செருப்பு வேண்டாம், அடி பிடிக்கும் ஷூ போடச் சொல்லுங்கள். கோபுரப் படிகள் குறுகலாக, ஏற்றத்தாழ்வாக இருக்கும், அவற்றை அவர் விட்டுவிடட்டும், இறங்குவதுதான் முழங்காலுக்கு அதிக வேதனை. அவர் உள்ளேயே வர விரும்பாவிட்டாலும் பரவாயில்லை, ஏரியின் தென்புறம் வெளியே பொதுப் புல்வெளி இருக்கிறது, சாய்ந்த கோபுரம் தண்ணீரில் தெரிவது அங்கிருந்துதான் நன்றாகத் தெரியும். வாத்துகள் ஏராளம், கையில் தின்பண்டம் இருந்தால் கிட்டே வந்துவிடும், பையனுக்குச் சொல்லி வையுங்கள். அவனுக்குப் பிடிக்கப்போவது கல்லெறியும் பொறிகள், முழு அளவில் செய்து வைத்திருக்கிறார்கள், எடையை மேலே தூக்கி விட்டால் மறுமுனை எப்படிக் கல்லை வீசும் என்று அங்கேயே விளக்கலாம்.

கார்டிஃப் சென்ட்ரலிலிருந்து ரிம்னி பள்ளத்தாக்குப் பக்கம் போகும் ரயிலில் ஏறினால் இருபது நிமிடம் சொச்சம், கேர்ஃபில்லி நிலையத்திலிருந்து நடந்தே போகலாம். கோட்டையை நடத்துவது காடூ என்னும் வேல்ஸ் அரசின் தொல்சின்னத் துறை, அவர்கள் தளத்தில் கிளம்பும் முன் நேரத்தையும், எந்தப் பகுதியில் வேலை நடப்பதால் மூடியிருக்கிறது என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள், இந்தக் கோட்டையில் பராமரிப்பு வேலை அடிக்கடி நடக்கும். ரேக்லனும் பார்க்கலாமா என்று யோசித்தால், அங்கே ரயில் இல்லை, கார் இருந்தால் மட்டும், ஒரே நாளில் இரண்டையும் திணிக்க வேண்டாம். காலையிலேயே போய், வெளியே ஊர்ப்பக்கம் நின்று முட்டுச்சுவர்களைப் பார்த்துவிட்டு உள்ளே போய்க் கரைமேல் தெற்கே நடங்கள், ஃபெல்டன் கோபுரத்தில் நின்று, ஒரு பக்கம் ஏரி மட்டத்தையும் மறுபக்கம் ஊர் எவ்வளவு தாழ்வில் இருக்கிறது என்பதையும் பையனிடம் காட்டுங்கள். அதன் பிறகு திரும்பி நடுத்தீவுக்குப் போனால் போதும்.